பல்பையும் நம்பாதவர்

அவரைப் பற்றிக் கோபமில்லாமல் எழுத என்னால் முடியாது. முடிய வேண்டுமென்று ஆசையும் இல்லை. அவரே கோபக்காரர்தான். காலையில் பெக்டரிக் கதவு திறக்கிற சத்தத்துக்கு முன்னால் அவர் யாரையாவது திட்டுகிற சத்தம் கேட்கும். ஆள் கிடைக்காத நாளில் ஏணியைத் திட்டுவார். ஏணியும் சிக்காவிட்டால் மழையை. இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்தில் மழைக்குப் பஞ்சமில்லை என்பதால் அவர் வாய்க்கும் ஓய்வில்லை.

அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பெக்டரியில் அவர் வயர்மேன். நான் அதே பெக்டரி ஆபீசில் சின்னக் கிளாக்கர். அட்டனில் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு வந்து கொழுந்து நிறையைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். மனசு பூராவும் ரேடியோவிலும் மோட்டாரிலும். கிடைத்த இங்கிலீஷ் மின்சாரப் புத்தகமெல்லாம் படித்து, படித்ததை உடனே யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்த காலம். சொல்ல அகப்பட்டவர் அவர். என்னைவிட ஏழெட்டு வயது கூடுதல் இருக்கும். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் "என்னக் கேட்டியா நீ?" என்று சண்டைக்கு வருவார்.

எங்கள் முதல் சண்டை ஒரு பல்பினால் வந்தது.

ஒரு ஹோல்டர், அதில் ஒரு நாற்பது வாட் பல்பு, அதிலிருந்து தொங்கும் இரண்டு வயர். இதுதான் அவருடைய ஆயுதம். எந்த வயரில் கைவைப்பதற்கு முன்னும் பல்பை முதலில் கரண்டு இருக்கிற இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு வேலை செய்யப்போகிற வயரில் வைத்து எரியவில்லை என்று பார்ப்பார். அதோடு விடலாமல்லவா? திரும்பவும் போய்க் கரண்டு இருக்கிற இடத்தில் வைத்து எரிய வைத்துப் பார்ப்பார். அப்புறம்தான் கை.

"அண்ணே, மெயின் சுவிட்ச நான்தானே ஆப் பண்ணினேன். சொன்னேன்ல?"

"சொன்ன."

"பல்பும் எரியல. அப்பறம் எதுக்கு திரும்ப அங்க கொண்டுபோயி வைக்கிறீங்க?"

"நடுவுல பல்பு செத்துப்போயிருந்தா?"

"ஒரு நிமிசத்துலயா?"

"ஆமா, சாவு உன்கிட்ட நாள் குறிச்சுக் குடுத்துட்டுத்தான் வருது. பல்பு எரியலன்னா ஒண்ணு கரண்டு இல்ல, இல்லாட்டி பல்பு இல்ல. எது இல்லன்னு உன் வாய் சொல்லுமா? கிளாக்கரு வாயி!"

நான் கோபித்துக்கொண்டு மூன்று நாள் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

யார் எதைச் சொன்னாலும் அவர் பதில் ஒன்றுதான்: "காட்டு." லிந்துலையிலிருந்து வருகிற பஸ்ஸில், பெரிய இறக்கத்துக்கு முன்னால் எழுந்து டிரைவரிடம் போய், "பிரேக்க ஒருக்கா புடிச்சுக் காட்டுங்க" என்று நின்றார் ஒருநாள். பிரேக் நல்லாத்தான் இருக்கிறது என்றான் டிரைவர். "நல்லா இருக்குன்னா காட்டுறதுல என்ன நட்டம்?" என்றார் இவர். "பிஸ்ஸுத மேயாட்ட?" இந்த ஆளுக்குப் பைத்தியமா என்று டிரைவர் சிங்களத்தில் பஸ்ஸையே கேட்டான். பஸ் சிரித்தது. இவர் இறங்கி, கொட்டுகிற மழையில் இறக்கம் முழுக்க நடந்து, கீழே காத்திருந்து அடுத்த பஸ்ஸில் ஏறினார். அந்த பஸ்காரனையும் காட்டச் சொல்லியிருப்பார்.

தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா எல்லா வியாதிக்கும் ஒரே சிவப்புத் தண்ணீர் கொடுப்பார். வயிற்றுவலிக்கும் அதுதான், சுளுக்குக்கும் அதுதான். காய்ச்சலோடு போன இவர் போத்தலை நீட்டி, "நீங்க ஒரு மொடக்கு குடிச்சுக் காட்டுங்க, நான் மிச்சத்த குடிக்கிறேன்" என்றார். ஐயா குடிக்கவில்லை. இவரும் குடிக்கவில்லை. காய்ச்சல் தன்பாட்டில் இறங்கியது.

வீட்டில் அண்ணி பாடு இன்னும் மோசம். சோறு வெந்துவிட்டது என்று சொன்னால் போதாது. அகப்பையில் எடுத்துக் காட்ட வேண்டும். "தாலி கட்டுறப்ப மட்டும் எதையும் காட்டச் சொல்லல இந்த மனுசன்" என்று அண்ணி என்னிடம் சொல்லும். "கண்ண மூடிக்கிட்டு கட்டிட்டாரு. அந்த ஆத்திரத்துல இப்ப சோத்தச் சோதிக்கிறாரு."

"வாய மூடு" என்பார் அவர். அந்த ஒரு நேரம்தான் அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வரும்.

இதெல்லாம் வேடிக்கை என்றுதான் நானும் நினைத்திருந்தேன், பிரஜாவுரிமைக் கதையைக் கேட்கிற வரைக்கும்.

இந்திய வம்சம் என்று தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் போய், மனுப்போட்டவர்களை விசாரணைக்குக் கூப்பிட்ட காலத்தில் இவரும் போயிருக்கிறார். அப்பா எங்கே பிறந்தார், நீ எங்கே பிறந்தாய், இத்தனை வருஷமும் எங்கே இருந்தாய் என்று மேசைக்குப் பின்னாலிருந்தவர் கேட்டாராம். இந்தத் தோட்டத்தில்தான், இந்த லயத்தில்தான், இந்தக் காம்பிராவில்தான் என்றார் இவர். அத்தாட்சி எங்கே? பழைய கங்காணி எழுதி வைத்ததைக் கறையான் தின்றுவிட்டது. இவரைப் பிரசவம் பார்த்த கிழவி அப்போது உயிரோடிருந்தாள். அவளை முதுகில் தூக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். "இந்தா, இந்தக் கையிலதான் விழுந்தான்" என்று அவள் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். வாய்வார்த்தை செல்லாது என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்களாம்.

"கைய நீட்டிக் காட்டுறா. வாய்வார்த்தைங்கிறான்" என்றார் என்னிடம். "என் பேச்ச ஒருத்தன் நம்பல. நான் மட்டும் ஊர்ப் பேச்ச தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடணுமா?"

அதற்குப் பிறகு அவர் பல்பை மூன்று தடவை வைத்துப் பார்த்தால் நான் சிரிப்பதில்லை.

தோட்டத்துக்குக் கவர்மெண்ட் கரண்டு வந்தது. அதுவரை ஆற்றுத் தண்ணீரில் சுற்றுகிற எங்கள் சொந்த டர்பைன் கொடுத்தது நூற்றுப்பத்து வோல்ட். புதிதாக மலையேறி வந்தது இருநூற்று முப்பது. அவர் ஹோல்டரிலும் அதற்கேற்ற நாற்பது வாட் பல்பு ஏறியது. கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர்கள் வந்து ரோலர், அடுப்பு விசிறி எல்லாவற்றுக்கும் புது மோட்டார் மாட்டிவிட்டுப் போனார்கள். தச்சுப்பட்டறையின் வட்ட ரம்பம் அவர்கள் கண்ணில் படவில்லை. அதில் வேலை செய்கிற ஆசாரிகளும் யார் கண்ணிலும் படுகிறவர்களில்லை. "ரம்பத்த நீயே பாத்து மாத்திக் குடுத்துடு. ஆயுத பூசைக்கு எல்லா மிசினும் ஓடணும். தொரை வாராரு" என்றார் டீமேக்கர் ஐயா. பெக்டரிக்குப் பெரியவர் அவர். ஸ்டோர் சாவியும் அவர் இடுப்பில்தான்.

அந்த ரம்பத்தின் இரும்பு மேசைக்குப் பட்டறையில் ஒரு செல்லப் பெயர் உண்டு: கூச்ச மேசை. ரம்பம் ஓடும்போது ஈரக்கையால் தொட்டால் சுர்ரென்று கை கூசும். வேலைக்குப் புதிதாக வருகிறவனிடம் "மேசைய ஒரு தொடை தொடைடா" என்று ஈரத்துணியைக் கொடுத்துவிட்டு, அவன் துள்ளுவதைப் பார்த்து மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். துள்ளினவன் அடுத்த புதியவனுக்காகக் காத்திருப்பான். அப்படிப் பல வருஷம் ஓடியிருந்தது.

மோட்டாரில் விவரம் அடித்திருந்த தகரப் பலகையை எண்ணெய்த் துணியால் துடைத்துப் படித்தேன். படித்ததும் கத்திவிட்டேன். "அண்ணே, மோட்டார மாத்தவே தேவையில்ல! ரெண்டு வோல்ட்டுக்கும் இதுலயே வழி இருக்கு!"

உள்ளே கம்பிச்சுருள் இரண்டு பாதியாக இருந்தது. சின்ன வோல்ட் என்றால் இரண்டு பாதியையும் பக்கம் பக்கமாக இணைக்க வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் முழு நூற்றுப்பத்தும் போகும். பெரிய வோல்ட் என்றால் ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொன்றும் தன் பங்கைப் பிரித்துக்கொள்ளும். மோட்டாரைக் கிளப்பிவிடுகிற சின்னச் சுருள் மட்டும் ஒரே ஒரு பாதியோடுதான் சேர வேண்டும். அதை முழுக் கரண்டில் போட்டால் எரிந்துவிடும். எல்லாம் மூடியின் உட்பக்கத்தில் படமாகவே இருந்தது. நான் ஆணியால் துருவைச் சுரண்டிச் சுரண்டி வாசித்தேன்.

"நீ படிச்சது சரி" என்றார். "மோட்டாரு அதப் படிச்சிருக்கா?"

ஆறு வயர் வெளியே வந்திருந்தது. இலக்கம் அடித்த தகடுகளின் மேல் எவனோ தார் பூசியிருந்தான். நான் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து இலக்கத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. பியூசைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எந்த வயருக்கு எந்த வயர் ஜோடி என்று, சுவர்க் கரண்டுக்கும் வயருக்கும் இடையில் பல்பை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மத்தியானம் போய்ச் சாயங்காலம் வந்தது. கடைசியில் நான் வாசித்த இலக்கம் அத்தனையும் சரி.

"பாத்தீங்களா! சொன்னேன்ல!"

"இப்ப சரி" என்றார். "சொன்னப்ப சரியான்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு அந்த மூடியை எடுத்து அவர் தலையில் போட வேண்டும் போலிருந்தது.

புது இணைப்புக்கு இழுக்கிற கரண்டு பாதியாகக் குறையும் என்பதால் பழைய தடித்த பியூஸ் கம்பியை எறிந்துவிட்டு மெல்லியது போட்டார். அடுத்து ரம்பக் கத்தியைக் கழற்றினார். தலைமை ஆசாரிக்கு அது பிடிக்கவில்லை. நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்றார்.

"கத்திய ஏன்யா கழட்டுற? கத்தியில்லாம ரம்பம் என்ன ரம்பம்?"

"முதல்ல எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாக்கணும்."

"சுத்துற பக்கந்தான் சுத்தும். இத்தன காலமா எம்பக்கந்தானே சுத்துச்சு?"

"காட்டுறேன், நில்லு. தள்ளி நில்லு."

முதலில் பல்பின் வழியாகவே கொஞ்சமாகக் கரண்டு விட்டுப் பார்த்தார். புகையில்லை, நாற்றமில்லை. பிறகு நேராக விட்டார். மோட்டார் ஒரு உறுமலோடு கிளம்பி அழகாகச் சுற்றியது. நான் கைதட்டினேன். அவர் தட்டவில்லை. மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கிளப்புகிற சுருளின் இரண்டு முனையில் எது முன், எது பின் என்று படத்திலும் இல்லை, பல்பிலும் தெரியாது. ஓடித்தான் காட்ட வேண்டும்.

அவர் நிறுத்தி, பியூசை மறுபடி பைக்குள் போட்டுவிட்டு, கத்தியை இறுக்குகிற நட்டை ஆசாரி கையில் கொடுத்தார். "இது சரியான பக்கம் சுத்துனா இறுகும். எதிர்ப்பக்கம் சுத்துனா கழரும். கழண்டா கத்தி எங்க வரும்?"

ஆசாரி நட்டைப் பார்த்தார். தான் வழக்கமாக நிற்கிற இடத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டடி தள்ளிப்போய் நின்றார். அந்த இரண்டு முனைகளையும் மாற்றிப் போட்டதும் மோட்டார் ஒழுங்கான பக்கம் சுற்றியது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் பல்பின் ஒரு வயரைக் கூச்ச மேசையிலும் மற்றதைத் தண்ணீர்க் குழாயிலும் வைத்தார். பல்பு சிவந்தது. மங்கலாகத்தான். அடுப்பில் கிடக்கிற கரித்துண்டு மாதிரி.  அந்தச் சிவப்புக்கு வேண்டிய கரண்டு ஒரு மனிதனின் நெஞ்சை நிறுத்துவதற்கு வேண்டியதைவிடக் கூடுதல். மலைக் குளிரில் வருஷக் கணக்காக ஈரம் ஊறின சுருள், கரண்டை மோட்டார் உடம்புக்கும் மேசைக்கும் கசியவிட்டுக்கொண்டிருந்தது. பழைய கரண்டுக்குக் கூச்சம். புதுக் கரண்டுக்கு அது கூச்சமாக இருக்காது.

டீமேக்கர் ஐயாவிடம் போனோம். இரண்டே கேட்டார் இவர்: மோட்டாரைச் சூட்டில் உலர்த்தி வார்னிஷ் போட வேண்டும், ஒரு இரும்புக் குழாயை ஈரமண்ணில் இறக்கி, மேசையிலிருந்தும் மோட்டாரிலிருந்தும் அதற்குச் செப்புக் கம்பி இழுத்து, கசிகிற கரண்டு மண்ணுக்குள் இறங்கிவிட எர்த் போட வேண்டும். கம்பி ஸ்டோரில் கட்டுக்கட்டாகக் கிடந்தது.

"மோட்டாரக் கொண்டுவந்து தேயில காயிற அறையில வைக்கவா? வார்னிஷ் நாத்தம் தூள்ல ஏறுனா எவன் பதில் சொல்றது?"

"அடுப்பு வாய்க்கிட்ட, வெளியில வைக்கிறேங்க ஐயா."

"நாளைக்குப் பூசை. நாள் இல்ல."

"அப்ப நாளைக்கு ரம்பம் ஓடக்கூடாது."

"இத்தன வருசமா சுர்ருன்னுச்சே, எவனாவது செத்தானா?"

"அது பழைய கரண்டுங்க."

"கரண்டுல என்னய்யா பழசு புதுசு? பூசை முடியட்டும், பெறகு தாரேன்."

"பெறகுன்னா எப்ப? இப்பவே கம்பிய எடுத்து வெளிய வெச்சுக் காட்டுங்க."

டீமேக்கர் ஐயா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "யாருகிட்ட காட்டச் சொல்ற? போடா வெளியே!"

மறுநாள் பூசை. எங்கள் ஆயுத பூசையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டறையைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்துவிடுவார்கள். சிமெந்துத் தரை குளம் மாதிரி மின்னும். செருப்பெல்லாம் வாசலுக்கு வெளியே குவிந்துவிடும். வெறுங்காலோடு ஈரத்தில் நின்று, தீர்த்தம் பட்ட கையால் ஒவ்வொரு மிசினையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். மிசின் ஓட ஆரம்பித்ததும் தலைமை ஆசாரி மேசையில் இரண்டு கையையும் வைத்து முதல் பலகையைத் தள்ள வேண்டும். அதுதான் முறை. ஒரு மனிதனைக் கரண்டுக்குக் கொடுப்பதென்று யாராவது உட்கார்ந்து யோசித்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.

இவர் ரப்பர் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏய், ஏய்!" என்று பூசாரி கத்தினார். "சாமி இருக்குற எடத்துல பூட்ஸா? கழட்டு!"

"கழட்ட மாட்டேன்."

"சாமி குத்தமாயிரும்டா!"

"சாமிக்கு எர்த் தேவையில்ல பூசாரியாரே. ஆசாரிக்கு வேணும்."

தோட்டத்து மானேஜர் துரை வந்து நின்றார். அவர் காலிலும் சப்பாத்து இருந்தது. அதைக் கழற்றச் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. டீமேக்கர் ஐயா சுவிட்சைப் போட்டார். ரம்பம் அசையவில்லை. மறுபடி போட்டார்.

"பியூசு என் பையில இருக்கு" என்றார் இவர்.

"என்னா? என்னா சங்கதி?" என்று துரை தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

"மேசையில கரண்டு வருதுங்க தொரை. வெறுங்காலோட தொட்டா ஆள் போயிருவான். காட்டுறேன்."

நான் முந்திக்கொண்டு இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினேன். துரை புருவத்தைத் தூக்கி, "சரி, காட்டு" என்றார். இவர் எல்லாரையும் சுவரோரம் விரட்டினார். கத்தியைக் கழற்றினார். பல்பைச் சுவரிலிருந்த கரண்டில் எரிய வைத்துக் காட்டினார். பியூசைப் போட்டு மோட்டாரை ஓடவிட்டு, ஒரு வயரை மேசையிலும் ஒன்றைக் குழாயிலும் வைத்தார்.

பல்பு சிவந்தது. பூசாரி தட்டோடு பின்னால் போனார்.

இத்தனை காலமும் எல்லாரையும் காட்டு காட்டு என்று கேட்டவர், அன்றைக்குத் தானே காட்டினார். துரை, டீமேக்கர், கணக்கப்பிள்ளை, ஆசாரிகள், கொழுந்து பறிக்கிற பெண்கள், எல்லார் கண்ணுக்கும் நேராகக் காட்டினார்.

"இவ்வளவுதானா?" என்றார் டீமேக்கர் ஐயா. "மங்கலாத்தானே எரியுது! மின்னட்டாம்பூச்சிக்குக்கூட இதவிட வெளிச்சம்." யாரோ சிரித்தார்கள். பயந்திருந்தவர்களுக்குச் சிரிக்க ஒரு சாக்குக் கிடைத்தது. பட்டறை பூராவும் சிரித்தது. துரையும் உதட்டோரம் சிரித்தார்.

இன்றைக்கும் எனக்கு ஆறாத இடம் இதுதான். அத்தாட்சி இல்லை என்று ஒரு மேசை அவரைத் திருப்பி அனுப்பியது. அத்தாட்சி கொண்டுவந்தபோது அதன் வெளிச்சம் போதாது என்றது இன்னொரு மேசை.

அவர் மோட்டாரை நிறுத்தவில்லை. "ஐயா" என்றார், மிகவும் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். "செருப்ப கழட்டிட்டீங்க. தரையும் ஈரமாத்தான் இருக்கு. வாங்க. வந்து ஒரு கைய வைங்க."

சிரிப்பு நின்றது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டீமேக்கர் ஐயா மேசையைப் பார்த்தார். தன் வெறுங்காலைப் பார்த்தார். கை வேட்டி மடிப்பைத் தேடிப்போய் அங்கேயே நின்றுவிட்டது.

"போதும். இன்னிக்கி மிசின் வேணாம். சாமி கும்புடு" என்று சொல்லிவிட்டுத் துரை ஜீப்புக்குப் போய்விட்டார்.

மறுநாள் டீமேக்கர் ஐயா ரம்பத்தை ஓட்டச் சொன்னார். தலைமை ஆசாரி தரையில் உட்கார்ந்து கைரம்பத்தால் பலகை அறுக்க ஆரம்பித்தார். மற்ற ஆசாரிகளும் உட்கார்ந்தார்கள்.

"என்னய்யா, நீங்களுமா?"

"பல்பு செவந்ததப் பாத்தேங்க ஐயா" என்றார் ஆசாரி. "சாமிக்குப் பக்கத்துல நிக்கிறவரே பின்னால போனாரு. நான் எப்பிடி முன்னால போறது?"

கொழுந்து வாட்டுகிற தட்டுகளுக்குச் சட்டம் அறுபடாமல் கிடந்தது. துரை ஏன் என்று கேட்டார். அன்று பின்னேரமே செப்புக் கம்பி ஸ்டோரை விட்டு வெளியே வந்தது. மோட்டார் அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் தொங்கி உலர்ந்தது, வார்னிஷ் குடித்தது. வருஷம் பூராவும் சேறாக இருக்கிற வடிகான் ஓரத்தில் குழாயை அடித்து இறக்கிக் கம்பியை முறுக்கினார். பல்பை வைத்தார். இருட்டு. ஓடிப்போய்ச் சுவரில் வைத்தார். வெளிச்சம். ஆசாரி முதலில் புறங்கையால் தொட்டு, பிறகு இரண்டு உள்ளங்கையையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, "செத்துப்போச்சுய்யா உன் மேசை, கூசவே மாட்டேங்குது" என்றார்.

ரம்பம் பிழைத்தது. அவர் பிழைக்கவில்லை.

பூட்ஸோடு வந்து பூசையைக் கெடுத்தது, எல்லார் முன்னாலும் பெரியவரை அவமானப்படுத்தியது. இந்த இரண்டுக்கும் சேர்த்துப் பத்துச்சீட்டு என்று ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பத்துச்சீட்டு வாங்கினவன் வேலையை மட்டும் விட்டுப் போவதில்லை. லயத்தில் குடியிருக்கிற காம்பிராவையும் காலி பண்ண வேண்டும். அண்ணி அப்போது ஏழு மாதம். பிரஜாவுரிமை இல்லாதவனை இன்னொரு தோட்டம் சேர்த்துக்கொள்வதும் லேசில்லை. இந்தியாவுக்குப் போ என்பார்கள். அவர் கப்பலைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

ஒரு வழி விட்டார் டீமேக்கர் ஐயா. மத்தியான நிறுவைக்கு எல்லாரும் கூடுகிற நேரத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் சீட்டைக் கிழித்துவிடுவாராம்.

"கேக்காதீங்க அண்ணே!" என்று குதித்தேன். "எழுதுவோம். மேல எழுதுவோம். நான் இங்கிலீசுல எழுதுறேன். நீங்க செஞ்சது சரின்னு புத்தகத்துலயே இருக்கு!"

"நீ குவாட்டஸ்ல படுக்கிற" என்றார். "எழுதலாம். நல்லா எழுதுவ. அவ எங்க படுப்பா? காட்டு."



அன்று மத்தியானம் மூட்டம் விலகி வெயில் அடித்தது. பெண்கள் கூடையை இறக்கிவிட்டு நின்றார்கள். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தராசுக்குப் பின்னால் நின்றது. அவர் வெறுங்காலோடு வந்தார். டீமேக்கர் ஐயா தராசுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"மன்னிச்சுக்கங்க ஐயா."

"கேக்கல. பின்னால நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

"மன்னிச்சுக்கங்க ஐயா! நான் செஞ்சது தப்பு!"

பட்டறைக்குள் ரம்பம் ஒரு பலகையை நீளமாக அறுத்துக்கொண்டிருந்தது. டீமேக்கர் ஐயா தலையை ஆட்டினார். நிறுவை தொடர்ந்தது.

நான் அவர் பின்னால் கான் ஓரம் வரைக்கும் ஓடினேன். எனக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"மூஞ்சப் பாரு, கிளாக்கரு! நான் என்னத்த குடுத்துட்டேன்? வாயத் தொறந்தேன், சத்தம் வந்துச்சு. அந்த ஆளு கம்பி குடுத்தான், நான் சத்தம் குடுத்தேன். எவனுக்கு லாபம்?"

சொல்லிக்கொண்டே பீடியை எடுத்து வாயில் வைத்தார். தீக்குச்சியை உரசினார். குச்சி பெட்டியின் ஓரத்தைத் தவறி விரலில் இழுத்தது. இன்னொன்று ஒடிந்தது. ஓடுகிற கரண்டுக்குப் பக்கத்தில் அந்தக் கை இம்மிகூட அசைந்து நான் பார்த்ததில்லை. பெட்டியை வாங்கி நானே பற்ற வைத்துக் கொடுத்தேன்.

"குளிரு" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன். எங்கள் இரண்டு பேர் முதுகிலும் வெயில் சுள்ளென்று எரித்துக்கொண்டிருந்தது.